பொனட்டுக்குள் ஒரு குறுக்குத் தண்டு

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகிறவர்கள் ஹுன்னஸ்கிரியவையும் உடுதும்பறையையும் தாண்டியதும் பதினெட்டு வளைவில் இறங்கியாக வேண்டும். அந்த ஏ26 வீதியில் பழைய காரை ஓட்டும் எவருக்கும் ஒரு விடயம் தெரிந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்பாது. ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் முகத்தைத் திருப்பும். பிரேக் சரி, டயரில் காற்றும் சரி. ஆனாலும் அந்தத் தயக்கம் இருக்கிறது. அது எங்கிருந்து வருகிறது?

கராஜில் கேட்டால், குறிப்பாக இளம் பையன்கள் கூடும் கராஜில் கேட்டால், பதில் தயாராக இருக்கும்: "ஸ்ட்ரட் பார் ஒன்று போடுங்கள் அண்ணே, கார் தண்டவாளத்தில் போவதுபோல் போகும்." பொனட்டைத் திறந்தால், எஞ்சினுக்கு மேலாக இடமிருந்து வலம் குறுக்கே ஓடும் பளபளப்பான தண்டு அது. சிவப்பு, நீலம், வெள்ளி என்று நிறங்கள் உண்டு. ஜப்பானில் கழற்றியதும், மலேசியாவில் செய்ததும், பெயரே இல்லாததும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம்மவர்கள் புதிய கார் வாங்க முடியாமல், இருக்கும் காரையே மினுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த மினுக்கலில் இந்தத் தண்டுக்கும் ஓர் இடம் உண்டு.

தண்டு வேலை செய்யுமா, செய்யாதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. அது எந்த அசைவைத் தடுக்கிறது, அந்த அசைவு உங்கள் காரில் இருக்கிறதா என்று கேட்கவேண்டும்.

பொனட்டைத் திறந்து இரு ஓரங்களையும் பாருங்கள். ஒவ்வொரு பக்கமும் தகட்டில் எழுந்த ஒரு மேடு, அதன் தலையில் பெரும்பாலும் மூன்று நட்டுகள். சக்கரத்திலிருந்து மேலே வரும் ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் சேர்ந்த தூண் அந்த மேட்டில் வந்து முடிகிறது. இந்தத் தூணைத் தாங்குதூண் என்றும், அது முட்டும் மேட்டைத் தூண்தலை என்றும் வைத்துக்கொள்வோம். இந்த அமைப்பை வகுத்தவர் ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். 1950இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு வந்த ஃபோர்ட் கொன்சல், ஸெஃபிர் கார்கள் அதைப் பரவலாக்கின. அதற்கு முன் சக்கரத்தை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்திருப்பதே வழக்கம். மெக்ஃபெர்சன் மேற்கையை எடுத்துவிட்டு, அந்த வேலையையும் தூணிடமே கொடுத்தார். செலவு குறைந்தது, எஞ்சினுக்கு இடம் கிடைத்தது. இன்று நம் வீதிகளில் ஓடும் ஆல்ட்டோ, வேகன் ஆர், விட்ஸ், எக்ஸியோ, அக்குவா எல்லாவற்றின் முன்பக்கமும் இந்த வகைதான்.

ஆனால் மேற்கையை எடுத்ததற்கு ஒரு விலை இருந்தது. சக்கரத்தின் பக்கவிசையில் ஒரு பகுதி இப்போது தூணின் தலைக்குப் போய், அங்கே தகட்டை அசைக்கப் பார்க்கிறது.

எவ்வளவு விசை? ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 12 மீற்றர் ஆரையுள்ள கொண்டைவளைவில் மணிக்கு 25 கிலோமீற்றரில் திரும்புகிறது என்று கொள்வோம். அப்போது அதற்குத் தேவையான பக்கவாட்டு ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலில் ஐந்தில் இரண்டு பங்கு. அதாவது நான்கு டயர்களும் சேர்ந்து 400 கிலோ எடைக்குச் சமமான விசையால் காரை வளைவின் மையத்தை நோக்கித் தள்ளவேண்டும். எஞ்சின் முன்னால் இருப்பதால் முன்சக்கரங்களுக்கு 240 வரும். வளைவில் கார் வெளிப்பக்கம் சாய்வதால் வெளிச்சக்கரம் அதில் 160ஐயும் உட்சக்கரம் 80ஐயும் எடுத்துக்கொள்ளும் என்று வையுங்கள்.

டயர் தரையைத் தொடும் இடத்தில்தான் இந்த விசை பிறக்கிறது. அங்கிருந்து ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயரத்தில் கீழ்க்கையைச் சக்கரத்தோடு இணைக்கும் போல் ஜொயின்ட், அதற்கு மேலே இன்னும் 60 சென்ரிமீற்றரில் தூண்தலை. போல் ஜொயின்ட்டைச் சுழலிடமாக வைத்துப் பார்த்தால், தரையில் உள்ளே தள்ளும் விசைக்கு எதிராகத் தலை வெளியே போகப் பார்க்கும். நீளங்களின் விகிதம் ஒன்றுக்கு மூன்று என்பதால் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு: வெளிப்பக்கத் தலைக்குச் சுமார் 53 கிலோ, உட்பக்கத் தலைக்கு 27. காருக்குக் கார் இந்த எண்கள் மாறும். ஆனால் டன் கணக்கில் ஒன்றும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு தீப்பெட்டியை எடுத்து, குச்சியுள்ள உள்தட்டை உருவிவிட்டு, வெளிக்கூட்டை மட்டும் மேசைமேல் வையுங்கள். எஞ்சின் அறை ஏறத்தாழ இதுதான். இரு பக்கச் சுவர்கள் தூண்தலைகள், அடிப்பக்கம் எஞ்சினுக்குக் கீழே ஓடும் சட்டம். மேற்பக்கத்தைக் கத்தரித்து எடுத்துவிட்டால் பொனட் திறந்த கார். சுவர்களின் மேல்நுனிகளை விரல்களால் ஒன்றையொன்று நோக்கி அழுத்துங்கள். எளிதில் கிட்ட வரும். மேற்பக்கம் இருந்தால் வராது. ஸ்ட்ரட் பாரை விற்பவர் சொல்லும் கதை இந்த மட்டும் முழு உண்மை.

அடுத்து, மேற்பக்கம் வெட்டாத இன்னொரு முழுக் கூட்டை எடுத்து, ஒரு பக்கத்து மேல்விளிம்பைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். நான்கு பக்கமும் இருந்தும் அது அப்படியே சரிந்து இணைகரமாகிவிடும். மேற்பக்கத் தாளின் நீளம் துளியும் மாறவில்லை, ஆனாலும் கூடு சரிந்துவிட்டது. உள்தட்டைப் பாதியளவு நுழைத்துவிட்டு மறுபடி தள்ளினால் நகராது. மூலைகள் விறைப்பாக இருந்தாலோ, குறுக்கே ஒரு தகடு அல்லது மூலைவிட்டம் நின்றாலோதான் நாற்கோணம் நாற்கோணமாக நிற்கும்.

மேலே போட்ட கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். வளைவில் இரண்டு டயர்களும் ஒரே பக்கம் தள்ளுகின்றன. ஆகவே இரண்டு தூண்தலைகளும் ஒரே திசையில், வளைவுக்கு வெளிப்புறமாகப் போகப் பார்க்கின்றன. இரண்டும் சேர்ந்து நகர்ந்தால் இடையில் உள்ள தூரம் மாறாது. மாறாத தூரத்தை எந்தத் தண்டும் காப்பாற்றத் தேவையில்லை. நேரான ஒரு தண்டு செய்யக்கூடியது வெளிப்பக்கத்தின் மிகையில் ஒரு பங்கை உட்பக்கத்துக்கு மாற்றுவது மட்டுந்தான். 53க்கும் 27க்கும் இடையில் சமன்செய்தால் பக்கத்துக்கு 40. தண்டின் வழியே கடந்தது வெறும் 13 கிலோ. கொண்டைவளைவுக்கென்று வாங்கும் தண்டுக்குக் கொண்டைவளைவில்தான் வேலை குறைவு. விளம்பரப் படங்களில் கார் எப்போதும் வளைந்துகொண்டே இருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அதற்கு வேலை இருப்பது குழியில். சக்கரம், தூணின் கோட்டுக்குச் சற்று வெளியே நிற்கிறது. ஆகவே காரின் எடையே இரண்டு தலைகளையும் எப்போதும் உள்நோக்கி, அதாவது ஒன்றையொன்று நோக்கி, நெருக்குகிறது. மழைக்காலத்துக்குப் பிறகான நம் கிராமப்புற வீதியில் சக்கரம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்போது அந்த நெருக்கல் ஒரு கணம் பன்மடங்காகும். இங்கே தூரம் உண்மையாகவே மாறப் பார்க்கிறது, நேரான தண்டு அதை உண்மையாகவே எதிர்க்கும். கரடுமுரடான பாதையில் ஆண்டுக்கணக்காக ஓடிய கார்களில் தலைகள் நிரந்தரமாக உட்சாய்ந்திருப்பதும் உண்டு. மண் பாதையில் பாயும் ரலிக் கார்களில் தண்டு இருப்பதன் காரணம் இதுதான். ஆனால் அங்கே அது தனியாக இல்லை. ஓட்டுநரைச் சுற்றியுள்ள குழாய்க் கூண்டு முன்னால் நீண்டு தூண்தலைகளைப் பிடித்திருக்கும், எங்கும் முக்கோணங்கள். 1934 முதல் நுவரெலியாவில் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியின் கார்களைப் பார்த்துவிட்டு ஒரு தண்டை மட்டும் வாங்கிவருவது, அந்தக் கூண்டின் ஒரே ஒரு குழாயை வாங்கிவருவதற்குச் சமம்.

இதெல்லாம் காகிதக் கணக்கு. உண்மையில் எவ்வளவு அசைகிறது என்று எப்படித் தெரியும்?

தொழிற்சாலையில், வெற்று உடலின் பின்பக்கத்தை இறுகப் பிடித்துவிட்டு, முன் தூண்தலைகளில் ஒன்றை மேலும் மற்றதைக் கீழுமாகத் தெரிந்த விசையால் முறுக்குவார்கள். பல இடங்களில் நுண்ணளவு மானிகளை வைத்து எத்தனை பாகை முறுகியது என்று வாசிப்பார்கள். ஒரு பாகை முறுக்கத் தேவைப்படும் திருப்பமே உடலின் முறுக்கு விறைப்பு. பழைய கார்களில் இது சில ஆயிரம் நியூற்றன் மீற்றர். இன்றைய நல்ல கார்களில் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது. ஓடும்போது அளக்க வேறு வழி உண்டு. 1938இல் எட்வர்ட் சிமன்ஸ், ஆர்தர் ரூஜ் என்ற இரு அமெரிக்கர்கள் தனித்தனியாக ஒரு கருவியைக் கண்டுபிடித்தார்கள். மெல்லிய கம்பியை உலோகத்தில் ஒட்டிவிட்டால், உலோகம் நீளும்போது கம்பியும் நீண்டு அதன் மின்தடை மாறும். அந்த மாற்றம் விகாரத்தைச் சொல்லும், விகாரம் விசையைச் சொல்லும். இதை விகாரமானி எனலாம். தண்டில் ஒட்டி வளைவில் ஓட்டினால் எத்தனை கிலோ அதன் வழியே கடக்கிறது என்பது திரையில் தெரியும். யமஹா நிறுவனமோ 2000களின் தொடக்கத்தில் எதிர்த்திசையில் போனது. உடலின் அசைவு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான அதிர்வுதான் என்று கண்டு, விறைப்பான தண்டுக்குப் பதிலாக அதிர்வை விழுங்கும் தணிப்பியை உடலின் குறுக்கே பூட்டியது.

நம்மிடம் விகாரமானி இல்லை. பரவாயில்லை, இரண்டு குழாய்கள் போதும். ஒன்றுக்குள் ஒன்று இலகுவாகச் சறுக்கும் இரு குழாய்களை எடுத்து, ஒன்றை இடத் தூண்தலையிலும் மற்றதை வலத் தூண்தலையிலும் நட்டோடு சேர்த்து இறுக்குங்கள். உட்குழாயில், வெளிக்குழாயின் வாயை ஒட்டி, ஓர் இறுக்கமான இறப்பர் வளையம். தூரம் குறைந்தால் வெளிக்குழாய் வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பி வரும்போது வளையம் அங்கேயே நிற்கும்.  வழக்கமாகப் போகும் வீதியில் வழக்கமான வேகத்தில் ஓட்டிவிட்டு பொனட்டைத் திறந்தால், அந்தப் பயணத்தின் உச்ச நெருக்கம் மில்லிமீற்றரில் எழுதப்பட்டிருக்கும். இரு தலைகளும் சேர்ந்து நகர்வதை இது காட்டாது என்பது உண்மை. ஆனால் அந்த அசைவை நேரான தண்டும் தடுக்காது. ஆகவே வாங்குகிறவருக்கு வேண்டிய எண் இதுவே.

வளையம் 1 மில்லிமீற்றர் நகர்ந்தது என்று வைப்போம். 60 சென்ரிமீற்றர் நீளத்தில் தலை 1 மில்லிமீற்றர் போனால் சக்கரத்தின் சாய்வுக்கோணம், அலைன்மென்ட் செய்பவர் கேம்பர் என்பது, பாகையில் பத்தில் ஒரு பங்கு மாறும். தயாரிப்பாளர்கள் அந்தக் கோணத்துக்கு அனுமதிக்கும் ஏற்ற இறக்கமே பொதுவாக அதைப்போல் ஐந்தாறு மடங்கு.

அப்படியானால் ஸ்டியரிங்கின் அந்தத் தயக்கம்? அது பெரும்பாலும் தகட்டில் இல்லை, இறப்பரில் இருக்கிறது. கீழ்க்கையை உடலோடு இணைக்கும் புஷ், தூணின் தலையில் உள்ள மவுண்ட், ஸ்டியரிங் ரெக்கைப் பிடித்திருக்கும் இறப்பர் எல்லாம் அதிர்வைக் குறைக்கவே மென்மையாகச் செய்யப்பட்டவை. பதினைந்து ஆண்டு வெயிலிலும் எண்ணெயிலும் அவை வெடித்து, தளர்ந்து, மில்லிமீற்றர் கணக்கில் இடம் கொடுக்கின்றன. போல் ஜொயின்ட்டின் தேய்வும் டயரின் பக்கச்சுவர் நெகிழ்வும் இவற்றோடு சேரும். வரிசையாகக் கட்டிய பல ஸ்பிரிங்குகளில் மிக மென்மையானதே மொத்த நீட்சியைத் தீர்மானிக்கிறது. மற்றதை எவ்வளவு விறைப்பாக்கினாலும் பயன் சொற்பம். கீழ்க்கை புஷ்ஷில் வெடிப்பு இருக்கும்போது மேலே தண்டு கட்டுவது வீண் செலவு.

ஆனால் தண்டு போட்டவர்கள் வித்தியாசம் தெரிகிறது என்று சத்தியம் செய்கிறார்களே? அவர்கள் பொய் சொல்லவில்லை. தகடு விறைத்தால் அதிர்வின் இயல்பு மாறும், ஸ்டியரிங்கில் கைக்கு வரும் செய்தி மாறும். பணம் கொடுத்த கை கொஞ்சம் கூடுதலாகவே உணரும். பிரித்தறிய ஒரு வழி: நாணயத்தைச் சுண்டிவிட்டு, நண்பர் நீங்கள் பார்க்காமல் தண்டைப் பூட்டட்டும் அல்லது கழற்றட்டும், பொனட்டை மூடட்டும். நீங்கள் ஓட்டிவிட்டு எது என்று சொல்லுங்கள். பத்துத் தடவையில் ஐந்தாறு சரியானால் அது ஊகம். ஒன்பது சரியானால் உங்கள் காரில் தண்டு வேலை செய்கிறது.

அப்படி வேலை செய்யும் காருக்கு, அல்லது வளையம் கணிசமாக நகர்ந்த காருக்கு, எந்தத் தண்டு? இங்கே முறியாமையும் வளையாமையும் வேறு வேறு என்பதை மறக்கக்கூடாது. எந்த மலிவுத் தண்டும் இந்த விசைக்கு முறியாது. நமக்கு வேண்டியது விறைப்பு. அதை முதலில் தீர்மானிப்பது வடிவம். 25 மில்லிமீற்றர் விட்டமும் 2 மில்லிமீற்றர் சுவரும் உள்ள 1 மீற்றர் உருக்குக் குழாயை, நேராக இருக்கும்போது, 100 கிலோவால் நெருக்கினால் அது சுருங்குவது ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று நான்கு பங்கு. அதே குழாயை எஞ்சினைத் தாண்டுவதற்காக நடுவில் 60 மில்லிமீற்றர் உயர வில்லாக வளைத்தால், அதே 100 கிலோவுக்கு நுனிகள் சுமார் ஒரு மில்லிமீற்றர் நெருங்கும். ஏறத்தாழ முப்பது மடங்கு. நேரானது தண்டு, வளைந்தது ஸ்பிரிங். காரின் தகடே ஒரு மில்லிமீற்றர்தான் அசைகிறது என்றால் வளைந்த தண்டு அங்கே வேடிக்கை பார்க்கும்.

உலோகம் அடுத்தது. யங்கின் மட்டு என்பது ஒரு பொருள் நீள எவ்வளவு மறுக்கிறது என்பதன் அளவு; அலுமினியத்துக்கு அது உருக்கினதில் மூன்றில் ஒரு பங்கு சொச்சம். எடையும் மூன்றில் ஒரு பங்கே. ஆகவே தடித்த, அகன்ற அலுமினியத் தண்டு நல்லதுதான். உருக்குத் தண்டின் அதே அளவில் வார்த்து மினுக்கிய அலுமினியத் தண்டு ஏமாற்று. கார்பன் நாரென்று சொல்லி விற்பவற்றில் பல, அந்தக் கோலம் போட்ட உறை மட்டுமே.

கடையில் எல்லோரும் குழாயைத் தட்டிப் பார்க்கிறார்கள். நீங்கள் நுனிகளைப் பாருங்கள். தூண்தலையில் உட்காரும் தகடு மெல்லியதா, அதன் விளிம்பு மடங்கி மேலே போய்க் குழாயைப் பிடிக்கிறதா, எவ்வளவு உயரம்? அந்த மடிப்புத்தான் வளையும். குழாயும் தகடும் ஒற்றை போல்ட்டில் கீல்போல் சேர்ந்திருந்தால், தீப்பெட்டிக் கூட்டின் மூலைபோல அது சரிவை எதிர்க்காது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுள்ளவை பூட்ட வசதி, ஆனால் மூட்டுக்கு மூட்டு நெகிழ்வு சேரும். தகடும் தண்டும் ஒன்றாகப் பற்றவைத்த, மந்தமான கறுப்பு நிறத்து நேர்த் தண்டு கடையின் மூலையில் கிடந்தால் அதுவே என் தெரிவு. எஞ்சினுக்கும் டாஷ்போர்டுக்கும் இடையிலான தடுப்புச் சுவரோடு மூன்றாவது புள்ளியில் இணையும் முக்கோண வகை கிடைத்தால், அது வளைவிலும் வேலை செய்யும். உள்தட்டு நுழைத்த தீப்பெட்டி அது. ஆனால் பல சிறிய கார்களில் தூண்தலைகள் அந்தச் சுவரை ஒட்டியே இருக்கின்றன. தயாரிப்பாளரே முக்கோணத்தைச் செய்துவிட்டார்.

1990களின் ஹொண்டா சிவிக் வைத்திருப்பவர்கள் வேறு கணக்குப் போடவேண்டும். ஈகே வகையின் முன்பக்கம் இரு கைகள் கொண்டது, பக்கவிசையைக் கைகளே எடுத்துக்கொள்கின்றன, தூணின் நுனிக்கு வருவது முக்கியமாக நிலைக்குத்துச் சுமை. ஹொண்டா தன் டைப் ஆர் கார்களில் தண்டு வைத்தது உண்மைதான், ஆனால் அது உடலின் பல இடங்களைச் சேர்த்து விறைப்பாக்கிய திட்டத்தின் ஒரு பகுதி. 2001 முதல் வந்த சிவிக்கில் மெக்ஃபெர்சன் தூண்.

பூட்டும்போது கார் சமதரையில் தன் சக்கரங்களில் நிற்கவேண்டும். ஜாக்கில் தூக்கிவிட்டுப் பூட்டினால் தவறான நிலையைத் தண்டு பிடித்துக்கொள்ளும். பற்றரியின் நேர்முனையிலிருந்து எட்டவே இருக்கட்டும். தண்டின்மேல் களிமண் உருண்டை வைத்து பொனட்டை மூடித் திறந்தால் இடைவெளி தெரிந்துவிடும். அந்த இடைவெளி இருந்தால்தான் மோதலின்போது பொனட் மடங்கி இடம் கொடுக்கும்; அது முன்னே வந்து விழும் பாதசாரியின் தலைக்கும் நல்லது. ஒரு பக்கம் பலமாக மோதினால் தண்டு அந்த அடியை மறுபக்கத் தூண்தலைக்கும் கொண்டுபோகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் மொடலுக்கென்றே செய்த, நீளம் மாற்ற முடியாத தண்டு, உங்கள் காரின் துளைகளில் உட்கார மறுத்தால் துளையை அரம் போட்டுப் பெரிதாக்காதீர்கள். தண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தூண்தலைகளின் இடைவெளியை உடல் அளக்கும் இடமொன்றில் தயாரிப்பாளரின் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். முன்னர் எங்கோ அடிபட்டு நேராக்கிய காராக அது இருக்கலாம்.